மிளகுக் கறியும் மலிவான ஷிராஸும்

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு. பேர்தான் பள்ளத்தாக்கு. மெல்ல ஏறி இறங்கும் தரையும் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைக் கொடிகளும்தான். நடுநடுவே லூத்தரன் தேவாலயக் கோபுரங்கள். மதக் கெடுபிடிக்குத் தப்பிக் கப்பலேறிய சைலீசிய ஜெர்மானியர்கள் 1842-இல் பெத்தனி என்ற கிராமத்தை இங்கே அமைத்தார்கள். பக்கத்து டனுண்டா ஊர்க் கறிக்கடைகளில் இன்றும் மெட்வர்ஸ்ட் என்கிற புகைபோட்ட தொத்திறைச்சி கிடைக்கிறது.

தோட்ட வேலிகளில் உள்ளே வராதீர்கள் என்று அறிவிப்பு. திருட்டுப் பயமில்லை, ஃபிலாக்ஸெரா பயம். வேரை உறிஞ்சும் இந்தச் சின்னப் பூச்சிதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் நுழையவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணோடு வந்துவிடக்கூடும் என்பதால் இத்தனை கெடுபிடி. அதன் பலன், லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் ரகத் திராட்சைக் கொடி இன்னும் காய்க்கிறது. வேலிக்கு இப்பால் நின்று பார்த்தாலே பழங்கொடி தெரிந்துவிடும்: முறுக்கிக்கொண்ட கருத்த அடிமரம், உரிந்து தொங்கும் பட்டை, அதன் உச்சியில் பச்சைத் தளிர்.

அந்தப் பழங்கொடி ஒயின் நமக்குக் கட்டுப்படியாகாது. மேக்ஸ் ஷூபர்ட் என்ற ஒயின் தயாரிப்பாளர் 1951-இல் முதலில் சோதனையாகச் செய்து பார்த்த பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் ஒயின், இன்று புதுப் பாட்டிலே ஆயிரம் டாலரை ஒட்டி விற்கிறது. அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பாட்டில் கடையில் பதினைந்து டாலருக்குள் ஒரு ஷிராஸ் வாங்கினோம். திருகு மூடி, லேபிளில் ‘தென்கிழக்கு ஆஸ்திரேலியா’ என்ற பொத்தாம் பொதுவான விலாசம். மர்ரே ஆற்றுத் தண்ணீர் பாயும் சமவெளியில் அமோகமாக விளைந்து, இயந்திரம் பறிக்கும் பழம் பெரும்பாலும் இப்படித்தான் விலைக்கு வருகிறது. ஓக் பீப்பாய்க்குப் பதில் ஓக் சில்லுகளை ஊறப்போடுவதும் உண்டு. அதில் எனக்குப் புகார் இல்லை.

ராத்திரி அடிலெய்டில் நண்பர் வீட்டில் சாப்பாடு. வெயில் காலம், பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தோம். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்பவர்கள் பாரிஸ் வீடுகளை நினைத்துச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து டிகிரியில் அது வெறும் சாராய நெடிதான் அடிக்கும். முதல் வாய் குடித்த நண்பர், “நாவப்பழச் சாறு மாதிரி இருக்குடா” என்றார். சரியாகத்தான் சொன்னார். பழம் தூக்கல், துவர்ப்பு கொஞ்சம், கடைசியில் லேசான தித்திப்பு.

முதலில் மிளகாய் அரைத்துவிட்ட கோழிக் குழம்பு வந்தது. சரிப்படவில்லை. பதினாலு சதவீத ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை இன்னும் ஏற்றிவிட்டது. பழருசி காணாமலே போயிற்று. அடுத்து வந்தது ஆட்டுக்கறி மிளகு வறுவல். நண்பரின் மனைவி மிளகை அப்போதுதான் இடித்துத் தூவியிருந்தார். நெஞ்செலும்புக் கொழுப்பு, ஒயினின் துவர்ப்பை வாங்கிக்கொண்டது. “இப்பக் குடிச்சுப் பாருங்கண்ணே” என்றார் அவர். வேறு பாட்டிலோ என்று தோன்றியது.

இதற்கு விளக்கம் அதே அடிலெய்டில் இருக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம் என்று இங்குள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த பகுதிப் பழத்தில் அது தூக்கலாக இருக்கும். வெயிலில் விளைந்த மலிவுச் சரக்கில் குறைவு. அந்தக் குறையை எங்கள் தட்டு ஈடுகட்டிவிட்டது என்பது என் கட்சி. விலையுயர்ந்த ஷிராஸை இந்த வறுவலோடு வைத்தால் பணம்தான் வீண்; அதன் நுணுக்கமெல்லாம் மிளகில் மூழ்கிவிடும்.

ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசமே தெரியாதாம். எங்களில் ஒருவர் மோந்து மோந்து பார்த்துவிட்டு, “மிளகா? எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது கிளாஸையும் காலி செய்தார். காரோட்டி வந்தவருக்கு லெமன் சோடா, ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டால் போலீஸ் விடாது. தயிர்சாதம் வந்ததும் எல்லோரும் கிளாஸை ஒதுக்கிவிட்டு மாவடு ஜாடிக்குக் கை நீட்டினோம்.