பல்லைக் கடித்துக்கொண்டு

ஊரை விட்டுப் புறப்படும் பிள்ளைக்குப் பெரியவர்கள் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: "எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திரு." ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் கோப்புகளோடு வாழ்ந்த ஆண்டுகளில் நான் அதனை உறக்கத்திலும் நிறைவேற்றி வந்தேன். கடிப்பவன் அறியாத அந்த நறநற ஓசையை முதலில் கேட்டவள் என் மனைவி.

குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது நம் பாட்டிமார் தீர்ப்பு. பெரும்பாலும் வளர வளர அது தானே நின்றுவிடும். பெரியவர்களுக்கோ மனக்கவலை, புகை, மது, மிகுதியான காப்பி ஆகியவற்றோடு தொடர்புண்டு என்கின்றனர் மருத்துவர்கள். (காப்பியைச் சொன்னதும் நம்மவர் முகம் வாடும்!)

காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிப்பது ஆறிவிடும். பல்லின் தேய்மானம் ஆறாது. முறிந்த எலும்பு கூடும். ஆனால் உடலிலேயே மிகக் கடினமான எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி வெளிப்பட்டபின், தில்லியின் தை மாதத் தண்ணீர் பட்டாலே உயிர் கூசும்.

சிறு தேய்வைப் பல்நிறப் பூச்சால் நிரப்பலாம். மிகுந்தால் உறை போடலாம். கடிக்கும் பழக்கம் இருக்கும்வரை அவையும் உடையக்கூடும். ஆதலின் பல்லுக்கு அச்செடுத்து, இரவில் அணிய அக்ரிலிக் தகடொன்று செய்து தருகின்றனர். அது பழக்கத்தைப் போக்காது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும். என் தகட்டில் இப்போதே தடங்கள் விழுந்துள்ளன. அதை மட்டும் வெந்நீரில் கழுவலாகாது, வளைந்துவிடும்.