மாளிகையும் மறைந்த கைகளும்

பிரான்சின் சென்மாலோத் துறைமுகத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில், உயர்ந்த புகைபோக்கிகளுடன் நிற்கும் பழைய வர்த்தகர் மாளிகைகளை ‘மலுவினியேர்’ என்பர். மதிலகத்து நகரின் நெருக்கடியினின்று விலகி ஓய்வு கொள்ள எழுந்தவை இவை. அவற்றுள் ஒன்றான வில்பாக், 1715இல் குய்யோம் எயோன் என்னும் கப்பற் சொந்தக்காரருக்காகக் கட்டப்பட்டது.

அந்த ஓய்வுக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதே நம் வினா. பெரு நாட்டு வெள்ளியும், அடிமை வாணிபமும், சோழமண்டலக் கரை நெசவாளர் நெய்த பருத்தித் துணியும் சென்மாலோ வர்த்தகரின் செல்வத்தைப் பெருக்கின. வில்பாக்கின் கூடத்துச் சுவரிலோ, பிற்காலத்தில் ஒட்டப்பெற்ற சித்திரத்தாளில், இன்காக்களின் நாட்டுக்குப் பிசாரோ வரும் காட்சி அலங்காரமாய் விளங்குகிறது! கொள்ளை அழகாக மாறும் விந்தை இதுவன்றோ?

1944 ஓகஸ்டில் போர்த்தீ மதிலகத்து நகரின் பெரும்பகுதியை அழித்தது. பின்னர் அது மீளக் கட்டப்பட்டது. நாட்டுப்புற மாளிகைகள் பல எஞ்சி நிற்கின்றன. அவற்றை இடித்தொழிக்க வேண்டுமென நாம் கூறோம். கற்தச்சரினதும் மரத்தச்சரினதும் கைத்திறன் அங்கே வாழ்கின்றது. ஆனால், கல்லைக் காப்போர் கணக்கையும் காத்தல் வேண்டும். சுரங்கத்தில் மாண்டவனையும், விலங்கிடப்பட்டவனையும், தறியில் முதுகொடிந்தவனையும் மாளிகைக்கு வருவோர் அறிதல் வேண்டும். அவர்களை மறந்து செய்யும் பாதுகாப்பு, வர்த்தகரின் புகழுக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சேயாகும்.