கொர்பு மலையும் பால்வெட்டு நேரமும்

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரில் நிற்கிறது கொர்பு மலை. உயரம் 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையான தாகானைவிட 4 மீட்டர்தான் குறைவு. உலு கிந்தாவிலிருந்து ஆறுகளைக் கடந்து, வேர்களைப் பிடித்து முகடேறி, அடுத்து நிற்கும் காயோங்கையும் தொட்டு இறங்குவதற்கு மலையேறிகள் வழக்கமாகக் காட்டில் இரண்டு இரவு தங்குவார்கள். இதை ஒரே மூச்சில் ஓடி முடிக்க நினைப்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். அதற்குரிய விடை மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிறது என்பது என் வாதம்.

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட மாநிலம் இது. பின்னர் எழுந்த தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருட்டோடு பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குக் கூடி, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். இரவில் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை; பட்டைக்குள் அழுத்தம் கூடி நிற்பதால் வெட்டியவுடன் பால் தாராளமாக மங்குக் கிண்ணத்தில் இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் மட்டுப்படும். மழை பிடித்தால் பால் வீணாகும். ஆகவே பிற்பகல் மழைக்கு முன்பே பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஓடுகிற உடம்புக்கும் இதே கணக்குத்தான். வியர்வை ஆவியானால்தான் அது உடலைக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிப் போகிறது.

விடியற்காலையில்தானே காற்றின் ஒப்பு ஈரப்பதம் மிக அதிகம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அப்போது ஈப்போ சமவெளியில் வெப்பம் 24 பாகைக்கு அருகில் இருக்கும். பிற்பகலில் 33ஐத் தொடும். காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும் அளவுக்கு உடல் தன் சூட்டை நேரடியாகவே காற்றில் இறக்கிவிடும். அந்த வாய்ப்பு நண்பகலுக்குப் பிறகு சுருங்கிப் போகிறது.

பால்வெட்டு நேரம் மரத்துக்காகவும் துரையின் லாபத்துக்காகவும் வகுக்கப்பட்டது, தொழிலாளியின் சுகத்துக்காக அல்ல என்ற மறுப்பு இன்னும் கனமானது. அரைத்தூக்கமும் கொசுக்கடியும் பாம்புப் பயமுமாகக் கழிந்த அந்த விடியல்களைப் பெருமையாகப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. நான் அந்தக் கொடுமைக்கு நியாயம் தேடவில்லை. நம் முன்னோர் உடம்பால் விலை கொடுத்துக் கற்ற வானிலை அறிவு, தோட்டங்கள் செம்பனைக்கு மாறி லயங்கள் காலியானதோடு அழிந்துபோகக் கூடாது என்கிறேன்.

நெடுந்தூர ஓட்டம் இரவையும் பகலையும் கடந்து போவதுதானே, நேரத்தைத் தேர்ந்தெடுத்து என்ன பயன் என்பாரும் உண்டு. எந்த இடத்தில் எந்த மணி வந்து விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் புறப்படுபவர் மழை பெய்து பெருகிய ஆற்றுக்குக் களைத்த கால்களோடு, இருட்டில் திரும்பி வருவார். நள்ளிரவை ஒட்டிப் புறப்படுபவருக்கு உச்சியும் பகலில் கிடைக்கும், திரும்பும் ஆறும் பகலில் கிடைக்கும். முகட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 12 பாகை குறையும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பவருக்கு வெப்பமண்டலம் என்ற பெயர் துணைக்கு வராது. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் குளிர்மழையும் பெருங்காற்றும் தாக்கி 21 பேர் இறந்தார்கள். நம் பக்கத்துக் கோப்பெங்கிலேயே 2019 மார்ச்சில் மலையோட்டத்துக்குப் போன ஒருவர் காணாமற்போய், பல நாள் தேட வேண்டியிருந்தது.

கொர்புவுக்கு வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். அவற்றைச் சுமையாக நினைக்காதீர்கள். எந்த மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்புவது, எந்த மணிக்குப் பின் ஆற்றில் இறங்காமல் இக்கரையிலேயே தங்குவது என்பதை வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்து, எழுதி, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.