தவிர

மார்பகத்தை எடுத்த ஏழாவது மாதம் அந்தக் கடிதம் வந்தது. மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனை வழியாகக் கேட்டிருந்த முன்அனுமதியைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்திருந்தது. காரணம் ஒரே வரி: இது அழகுக்கான சிகிச்சை, பாலிசியில் இதற்கு இடமில்லை.

பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒரு சொல் எந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவள். ஆனாலும் எதிர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்கம்தான் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்று இருக்காமல் நாற்பத்தாறு வயதில் அழகுக்கு ஆசைப்பட்டவளாக என்னைக் காட்டிவிட்டது அந்த வரி. கடிதத்தை விடைத்தாள் கட்டுக்கு அடியில் செருகி வைத்தேன்.

தங்கையிடம் சொன்னதே இரண்டு வாரம் கழித்துத்தான். அவள் சென்னையில் சட்டம் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வு எழுதியவள். நீதிமன்றப் படி ஏறுவதில்லை. ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் சட்டப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறாள். காப்பீட்டு நிறுவனங்களோடு மருத்துவமனை போடும் ஒப்பந்தங்கள்தான் அவள் வேலை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, பில் எத்தனை நாளுக்குள் போக வேண்டும், எதற்கெல்லாம் முன்அனுமதி வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு எப்படி என்று வரிவரியாகப் பேரம் பேசுவாள். ‘மருத்துவத் தேவை’ என்பதை எப்படி வரையறுப்பது என்று மட்டுமே மூன்று வாரம் பேசியதாக ஒருமுறை சொன்னாள். இரண்டே சொல்லுக்கா என்று நான் சிரித்தேன்.

“அக்கா, பாலிசியை எடு. அழகு சிகிச்சைன்னு இருக்கிற பகுதியை வாய்விட்டுப் படி” என்றாள்.

ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தேன். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற இடத்தில் நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்டே? ‘அன்லெஸ்’னு இருக்கும் பாரு. அதுக்கு அப்புறம் படி.”

இருந்தது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு தவிர. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்த வாசகம் அது. தமிழில் எழுதியிருந்தால் ‘தவிர’ முன்னால் வந்திருக்கும். அதைத் தாண்டித்தான் ‘கிடையாது’ என்ற சொல்லுக்கே போக முடியும். ஆங்கிலத்தில் அது வாலில் தொங்கியது. கடிதம் எழுதியவர் வாலை வெட்டிவிட்டார். நானும் வெட்டியதையே படித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1998இல் ஒரு சட்டம் வந்தது என்றாள் தங்கை. மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம் மறுசீரமைப்புக்கும் தர வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்திருக்க மற்ற மார்பில் செய்யும் சிகிச்சைக்கும் தர வேண்டும். “அப்போ உங்க ஊர்ல பெண்களுக்குப் பிரச்சினை இல்லை” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“நோயாளி என் கட்சிக்காரர் இல்லைக்கா, ஆஸ்பத்திரிதான். நல்ல ரேட் கிடைக்கணும்னு, முன்அனுமதி கேட்கிற பட்டியல் நீள்றதுக்கு நாங்களே ஒத்துக்கிட்டிருக்கோம். நான் சரின்னு சொன்ன வரியால எவளோ ஒருத்தி எங்கேயோ காத்துக்கிட்டிருப்பா.”

அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை வரவில்லை. அம்மாதான் நினைவுக்கு வந்தாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்ததும் அத்தை வீட்டுக் கல்யாணம். அம்மாவின் தேவை தேவைதானா என்று இன்னொருவர்தான் முடிவு செய்தார். அம்மாவும் அதை முறை என்றே நினைத்திருந்தாள். மறுப்புக் கடிதத்தை நான் விடைத்தாளுக்கு அடியில் வைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான்.

தங்கை சொல்லச் சொல்ல மனு எழுதினேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. மூன்றாம் வாரம் அனுமதி வந்தது. தவறு நடந்தது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்துகொள்வதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்படியே இருந்துவிடலாம் என்றும் சில நாள் தோன்றுகிறது. வேண்டாம் என்றால் அதை நான் சொல்ல வேண்டும், இன்னொருவர் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

இந்தப் பருவம் மொழிபெயர்ப்புத் தாளுக்குப் பயிற்சியாக அந்த விலக்குப் பகுதியைப் படியெடுத்துக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் மேசையருகே நின்றாள்.

“மேம், எங்கம்மாவுக்கு வந்த லெட்டரைக் கொண்டு வரட்டுமா?”