தூக்கிக் கட்டிய ஜீப்பும் தேய்மானக் கணக்கும்

பழைய ஜீப் ஒன்றை வாங்கியதும் பலருக்கும் முதலில் வருகிற ஆசை, அதைத் தூக்கிக் கட்டுவதுதான். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர்... பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஸ்டீயரிங் மட்டும் யார் நினைவுக்கும் வராது!

மணப்பாட்டுக் கடற்கரை மணலையோ, உடன்குடி தாண்டி இருக்கும் தேரிக்காட்டுச் செம்மணலையோ பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மணலில் ஓட்ட டயரில் காற்றைக் குறைப்பார்கள். டயர் பரந்து படியும், வண்டி புதையாது. ஆனால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பெரிய டயராக இருந்தால் இன்னும் மோசம்.

மஹிந்திரா 1947-ல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்தப் பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கைபலம்தான். 2010-ல் வந்த தார் சி.ஆர்.டி.இ. மாடலில் அது கம்பெனியிலிருந்தே வந்தது.

சரி, தூக்கினால் என்ன ஆகிறது?

ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது. சக்கரங்கள் ஆக்சிலில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்கிற கம்பி. சேஸிஸ் மட்டும் உயர்ந்தால் இந்தக் கம்பி சரிவாகிவிடும். அப்புறம் பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கம்பி சக்கரத்தைத் தானாகவே திருப்பிவிடும். ஓட்டுபவர் திருப்பவே இல்லை, வண்டி திரும்புகிறது! இதற்குப் பெயர் 'பம்ப் ஸ்டீயர்'.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, கீழே இறங்கிய வடிவில் ஒரு பிட்மேன் ஆர்ம் போடுவது. செலவு குறைவு, ஆனால் பாக்ஸுக்குப் பாரம் கூடும். இன்னொன்று, சக்கரத்துப் பக்கம் இருக்கும் ஆர்மை உயர்த்துவது. செலவு அதிகம், பலன் நன்று.

தூக்கும்போது ஆக்சிலின் சாய்வு மாறினாலும் தொல்லைதான். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகாது, வேகத்தில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிசெய்வார்கள்.

கடைசியாகத்தான் பவர் ஸ்டீயரிங். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்தி, திருப்புகிற பலத்தைத் தரும். ஆனால் அந்தப் பலம் முழுக்க சேஸிஸில் பாக்ஸ் பூட்டிய இடத்தில்தான் விழும். அங்கே தகடு வைத்துப் பலப்படுத்தாவிட்டால் விரிசல் வரலாம். தேய்ந்த டை ராட் முனைகளை மாற்றாமல் டேம்பர் மட்டும் போடுவதும் வீண். ஆட்டம் மறையும், தேய்மானம் மறையாது.

பி.காம். நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த பாடம்! டை ராட் முனை மாற்றுவது வருவாயினச் செலவு. பவர் ஸ்டீயரிங் போடுவது மூலதனச் செலவு. ஸ்டீயரிங்கைக் கவனிக்காமல் தூக்குவது? ஐந்தொகையில் காட்டாத பொறுப்பு. ஒரு நாள் அது தானாகவே வெளியே வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. எனவே பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். கரடுமுரடான பாதை, ஒரு பக்கம் பள்ளம். பின்சீட்டில் இருப்பவர்கள் வண்டியின் உயரத்தை நம்பி ஏறுவதில்லை. ஓட்டுநர் திருப்பினால் சக்கரம் திரும்பும் என்று நம்பித்தான் ஏறுகிறார்கள். தூக்கிக் கட்ட ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அந்த நம்பிக்கைக்குப் போகட்டுமே!