முதல் தட்டு யாருக்கு?

2023-ஆம் வருஷம் என் தங்கையின் பிரசவத்துக்காக நியூயார்க் போயிருந்தேன். அம்மா இல்லாத குறை அவளுக்குத் தெரியக் கூடாதே என்று சுக்கு, திப்பிலி, லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். ஃப்ளஷிங்கில், பிள்ளையார் கோவிலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு. ஏப்ரலில் பையன் பிறந்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் மாப்பிள்ளை, "அக்கா, இன்னிக்கு நான் லீவு. பையனைப் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வெளியே சாப்பிட்டுட்டு வாங்க. ரெஸ்டாரண்ட் வீக் நடக்குது" என்றார்.

அது என்ன என்று கேட்டேன். 1992 ஜூலையில் அந்த ஊரில் டெமாக்ரடிக் கட்சி மாநாடு நடந்தது. வந்தவர்கள் பெரிய ஹோட்டல்களில் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, வருஷத்தையே விலையாக்கி 19 டாலர் 92 சென்டுக்கு மதியச் சாப்பாடு போட்டார்களாம். அது ஜனங்களுக்குப் பிடித்துப் போய், கோடையிலும் குளிரிலும் வழக்கமாகிவிட்டது. பெயர்தான் வாரம், பல வாரம் நீள்கிறது! நாங்கள் போன சமயம் 30, 45, 60 டாலர் என்று மூன்று விலை. மதியம் இரண்டு அயிட்டம், ராத்திரி மூன்று.

"முப்பது டாலரா! நம்ம ஊர் காசுக்கு 2,500 ரூபாய் ஆச்சே!" என்றேன். "கணக்குப் பார்க்காம வா அக்கா" என்று இழுத்துப் போனாள்.

பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஏழாம் நம்பர் ரயிலில் மன்ஹாட்டன் போனோம். நாங்கள் சைவம். சூப்பிலும் சாதத்திலும் கோழி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள் என்பதால் முன்னதாகவே போனில் கேட்டுக்கொண்டாள். தண்ணீர் கேட்கும்போதும் "குழாய்த் தண்ணீர் போதும்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடும்.

முதலில் சோளச் சூப். பிறகு காளான் போட்ட ரிஸோட்டோ. நம் குழைந்த பொங்கலுக்குத் தம்பி என்று சொல்லலாம். ஆவி பறந்தது. நான் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் தங்கை பாதித் தட்டைக் காலி செய்துவிட்டாள்.

"ஏண்டி, ரயிலுக்கா நேரமாச்சு?"

ஸ்பூனைக் கீழே வைத்தாள். "பழக்கமாயிடுச்சு அக்கா. அவன் முழிச்சுக்கறதுக்குள்ள முழுங்கணுமே. பிள்ளை பிறந்ததிலேர்ந்து சூடா ஒரு வாய் சாப்பிடறது இன்னிக்குத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் நடப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மணிக்கு மாப்பிள்ளைக்குப் பரிமாறுவேன். பிறகு குழந்தைக்கு எண்ணெய், குளியல், சாம்பிராணி. அவள் பால் கொடுத்துத் தூங்க வைப்பாள். மூடி வைத்த தட்டை மூன்று மணிக்கு, ஆறிய பிறகு, ஒரு கையால் சாப்பிடுவாள். நான் பார்த்துப் பார்த்துச் சமைத்தேனே தவிர, அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று பார்க்கவில்லை. அம்மா இருந்தால் பார்த்திருப்பாள்.

"மெதுவாச் சாப்பிடு. இங்கே யாரும் அழப் போறதில்லை" என்றேன். சொல்லும்போது என் குரலே சரியாக இல்லை.

பில் வந்தது. இருவருக்கும் 60 டாலர், வரி 5 டாலர் 33 சென்ட், பரிமாறியவருக்கு நூற்றுக்கு இருபது வீதம் 12. மொத்தம் 77 டாலர் 33 சென்ட்! சலுகை விலையை நம்பிப் போகிறவர்கள் இதையும் சேர்த்தே பணம் எடுத்துப் போக வேண்டும்.

மறுநாளிலிருந்து அவளுக்குத்தான் முதல் தட்டு. பன்னிரண்டரைக்கே சுடச்சுடப் போட்டுவிட்டுக் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன். மாப்பிள்ளையிடம் சொன்னதும், "எனக்கு அரை மணி கழிச்சுப் போதும் அக்கா" என்றார். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம்!

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆறிப் போன சோற்றை அவசரமாக விழுங்கினால் அந்த அளவுக்கு எங்கே சாப்பிட முடியும்?

உங்கள் வீட்டில் பால் கொடுக்கும் பெண் இருந்தால், இன்று அவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று கேட்டுப் பாருங்கள்.