அம்மா கடல் பார்த்த மாசி

தை அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்ததும் எங்கள் வீட்டுப் பேச்சு மாமல்லபுரத்தின் பக்கம் திரும்பிவிடும். மாசி மகத்துக்குக் கடலாடப் போக வேண்டும். எண்பதுகளின் நாவலூர் அது. ஏரித் தண்ணீரை நம்பிய ஊர். பழைய மகாபலிபுரம் சாலையில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். கிழக்கே வயல்வெளியைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய், அதற்கும் அப்பால் கடல். ஒரு போகம் முடிந்து அடுத்த வேலை தொடங்கும் முன் கிடைக்கிற அந்தச் சில நாள்தான் எங்களுக்கு விடுமுறை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தாலும் அப்பாவைப் பெற்ற ஆயா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மாட்டுவண்டியில் முதலில் ஏறுவது வைக்கோல். அதன்மேல் பாய், அதன்மேல் பாத்திரங்கள். பெரிய அலுமினியக் குண்டான், மீன் குழம்புக்கென்றே பழகிய மண்சட்டி, கஞ்சி வடிக்கிற மூங்கில் தட்டு, அரிவாள்மணை, அரிசி மூட்டை, துணியில் முடிந்த புளி, அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூள். கட்டுச்சோறு தனிக்கூடையில் வரும். புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெயை ஆயா தாராளமாக ஊற்றுவாள். புளியின் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்தால் மறுநாள் மாலைவரை சோறு கெடாது. தயிர்ச்சோற்றில் தயிரே அதிகம் இருக்காது. குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கரண்டி மோர் மட்டும் விடுவாள். வண்டி போகப் போக அது உறையும். மறுநாள் பொழுது ஏறிப் பிரித்தாலும் புளிக்காமல் இருக்கும். தொட்டுக்கொள்ள வறுத்த மோர்மிளகாய்.

ஆண்டுதோறும் இந்தக் கூடைகள் கட்டப்படும்போது அப்பாவுக்கும் ஆயாவுக்கும் வாக்குவாதம் நடக்கும். அப்பா கிண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தவர். "நாலு நாள் வெளிய போறதே அடுப்படிய மறக்கறதுக்குத்தான். அங்கயும் பானையக் கட்டிக்கினு போவணுமாம்மா? கடையில சாப்ட்டுக்கலாம்" என்பார். ஆயா விடமாட்டாள். "பதினஞ்சு வயிறுடா. கிளப்பு கடையில குந்த வச்சா ஒரு மூட்ட நெல்லு காசு ஒரே நாள்ல போயிடும். கைப்புள்ளைக்குக் காரம் ஆவாது, எனக்கு எண்ண ஆவாது. யாரு கேட்டுப் போடுவான்?" இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இருவருமே அம்மாவைக் கேட்டதில்லை.

ஒரு மாசியில் அம்மாவே பேசினாள். மிளகாய்த்தூளை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: "ஆக்கறதுல எனக்குச் சலிப்பில்ல அத்த. எங்க இருந்தாலும் ஆக்கத்தான் போறேன். மாபலிபுரம் போயிட்டு கடலப் பாக்காம வரேனே, அதான் சலிப்பா இருக்குது."

வீடு அமைதியானது. அவள் சொன்னது அப்படியே உண்மை. விடிந்தால் இட்டலி, அது முடிந்தால் உலை, உலை இறங்கினால் பாத்திரம், மறுபடி ராச்சோறு. நாங்கள் அலையில் கிடப்போம். பெரியவர்கள் கோயில் பார்ப்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் சவுக்குத் தோப்புக்குள் புகைக்கு நடுவில் இருப்பார்கள். மகத்தன்று விடியலில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரப்புடவையோடு அடுப்புக்கு ஓடிவருவார்கள்.

ஆயா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தீர்ப்பு வந்தது. பானை வண்டியில் ஏறும். ஆனால் அங்கே அடுப்பு ஆண்களுடையது. காலைப் பலகாரம் இட்டலிக் கடையில். பகலுக்கு ஒரே ஒரு சமையல். ராத்திரிக்கு மிச்சம் மீதி, இல்லாவிட்டால் கட்டுச்சோறு. "நீயும் பெரியவளும் அடுப்பாண்ட வந்தீங்கன்னா பாத்துக்குங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா வாயைத் திறக்க வழியில்லை. கடையில் சாப்பிட வேண்டும் என்ற அவர் விருப்பத்திலும் பாதி நிறைவேறிவிட்டது.

பொழுது சாய்ந்து வண்டி பூட்டினார்கள். மகத்துக்கு இரண்டு நாள் முந்திய நிலவு, ஏறக்குறைய முழுதாக இருந்தது. படூர், கேளம்பாக்கம், தையூர் என்று ஊர்கள் பின்னால் போயின. கேளம்பாக்கத்தை நெருங்கும்போது கோவளம் பக்கத்து உப்பளங்களின் வாடை காற்றில் வரும். பாத்திகள் நிலவில் வெள்ளையாகத் தெரியும். திருப்போரூர்க் குளக்கரையில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, கந்தசாமி கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆலத்தூர், பையனூர், பூஞ்சேரி என்று மெல்லப் போய் விடிகிறபோது மாமல்லபுரம் சேர்ந்தோம். முப்பது கிலோமீட்டர் சாலை, முழு இரவுப் பயணம்.

கடற்கரையில் அதற்குள் ஓர் ஊரே எழும்பியிருந்தது. மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்தெல்லாம் வந்து மாமல்லபுரம் மணலில் கூடுவார்கள். கழி நட்டு, புடவையைச் சுற்றினால் குடில். கன்னியம்மனைக் கும்பிட்டு, பிள்ளைக்கு மொட்டையடித்து, காது குத்தி, பெண் பேசி, அங்கேயே தாலியும் கட்டுவார்கள். குடிலுக்குக் குடில் அடுப்பு புகைந்தது. எங்களுக்குப் பக்கத்துக் குடிலில் ஒரு தாத்தா சோறு கிளறிக்கொண்டிருந்தார். அவர் மகள் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பெரியப்பா அந்தத் தாத்தாவிடம் போய்த்தான் மணலில் அடுப்பு வைக்கக் கற்றுக்கொண்டார்.

மணல் அடுப்புக்கு ஒரு கணக்கு உண்டு. தரைமேல் கல் வைத்தால் பானை சாயும், காற்று தீயை அலைக்கழிக்கும். முழங்கால் ஆழம் பள்ளம் பறித்து, ஈர மணலில் மூன்று கல்லை அழுத்தி, கடல் பக்கம் ஈரச்சாக்கைக் கட்ட வேண்டும். விறகுக்குச் சவுக்கு மிளார். சட்டென்று பற்றும், புகை குறைவு. பொறுக்கிவருவது எங்கள் வேலை. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று எழும்பிவிடும். அதன்பின் மூடியைத் திறந்தால் சோற்றில் மணல்தான். ஆகவே காற்று திரும்பும் முன் உலை இறங்கிவிட வேண்டும்.

தண்ணீருக்கும் அந்தத் தாத்தாவே வழி காட்டினார். அலை ஏறாத மேட்டுமணலில் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறியது. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது. அதன்மேல் மிதந்து நிற்கும். ஆழம் போனால் உப்பு வந்துவிடும். அப்பா செரட்டையால் சொட்டுச் சொட்டாக அள்ளிக் குடம் நிரப்பினார். வீட்டில் ஒரு நாளும் குடம் தூக்காத அப்பா.

காலையில் கட்டுமரங்கள் கரை ஏறின. சித்தப்பா ஏலத்தில் நின்று ஒரு கூடை காரப்பொடி மீனும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கிவந்தார். ஆய்வதற்கு மீன்காரப் பெண்மணி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பெரியப்பா புளி கரைத்தார். ஆயா மட்டும் அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி, சவுக்கு மரத்தில் சாய்ந்துகொண்டு, "உப்பு இப்பப் போடு... மீன போட்டதுக்கப்புறம் கரண்டிய வுடாதடா, சட்டியத் தூக்கிச் சுத்து" என்று குரலாலேயே குழம்பு வைத்தாள்.

நான் மிளார்க் கட்டைப் போட்டுவிட்டு அம்மாவோடு ஓடினேன். அவள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்த்தாள். அதற்கு முந்தைய வருஷங்களில்தான், 1984இல், மாமல்லபுரத்துச் சிற்பங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. அவள் கிருஷ்ண மண்டபத்தில் நின்றாள். இந்திரன் பெய்வித்த மழையிலிருந்து ஆயர்பாடியைக் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிற சிற்பம். எல்லோரும் கண்ணனைப் பார்ப்பார்கள். அம்மா மாட்டைப் பார்த்தாள். ஓர் ஆயன் பால் கறக்கிறான், பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. "கன்னுக்குட்டிய நக்க வுட்டாதான் பாலு சுரக்கும். செதுக்கினவன் மாடு வச்சிருந்திருக்கான்" என்றாள். அடுத்து, அங்கே செதுக்கியிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றாள். தலையில் சுமை, கையில் உறியில் அடுக்கிய பானைகள். அம்மா வெகுநேரம் அங்கேயே இருந்தாள். "மல கீழ தங்கப் போறப்பவும் இவதான் பானையத் தூக்கிக்கினு வந்திருக்கா பாரு" என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பல்லவச் சிற்பத்தைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ படித்தேன். அந்த ஒரு வரிக்கு நிகராக எதுவும் என் மனத்தில் நிற்கவில்லை.

பிறகு கடற்கரைக் கோயில் ஓரமாக மணலில் உட்கார்ந்தார்கள். அம்மா பேசவில்லை. அலை வந்து காலைத் தொட்டபோதெல்லாம் சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். எனக்கு அவள் சிரிப்பு புதிதாக இருந்தது. வீட்டிலும் சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ ஒன்று எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும்.

பகலில் இலை போட்டபோது சோறு சற்றுக் குழைந்திருந்தது, குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. அம்மா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெரியப்பா பரிமாறிய கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார மனம் வரவில்லை அவருக்கு. சமைத்தவர்க்கு வருகிற அந்த நிறைவும் அந்தக் களைப்பும் அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிட்ட இலைகள் மாட்டுக்குப் போயின. பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்துக் கடல்நீரில் அலசி, ஊற்றுத் தண்ணீரில் ஒரு முறை கழுவினோம். மகத்தன்று மீன் இல்லை. வெண்பொங்கலும் பருப்புச் சாம்பாரும். தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளியபோது அம்மா கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கும்பிட்டாள்.

இன்றைய நாவலூரில் அந்த வயல்கள் இல்லை. சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது, சாலை ஆறு வழியானது, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறியது. செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த நாங்கள் 1997இல் காஞ்சிபுரம் மாவட்டமாகி, 2019இல் மறுபடி செங்கல்பட்டுக்கே வந்தோம். அடுக்குமாடிகளில் இருக்கிற இளம் குடும்பங்கள் வார இறுதிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வாடகைக்கு எடுக்கிறார்கள். போகும் முன் கேட்கிற கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வியேதான்: அங்கே சமைப்பதா, வெளியில் வாங்குவதா?

சமைத்தால் செலவு குறையும், குழந்தைக்கும் முதியவர்க்கும் ஏற்ற சோறு கிடைக்கும், கரையில் அப்போதுதான் இறங்கிய மீனின் ருசி எந்தக் கடையிலும் வராது. இவை ஆயாவின் நியாயங்கள், இன்றும் செல்லும். ஆனால் வாடகை வீட்டின் பளபளப்பான சமையலறையிலும் ஒரு பெண் மட்டுமே நின்றுகொண்டிருந்தால், அவளுக்கு அது விடுமுறை இல்லை. கடல் காற்று வீசுகிற இன்னொரு வேலைநாள்.

என் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சமையுங்கள். காலை இட்டலியைக் கடைக்கு விட்டுவிடுங்கள். சமைக்கிற அந்த ஒரு வேளைக்கு, வீட்டில் யார் தினமும் அடுப்படியில் நிற்கிறார்களோ அவர்களை முதலில் வெளியே அனுப்புங்கள். மீன் வாங்க ஒருவர், ஆய ஒருவர், உலை பார்க்க ஒருவர், பாத்திரம் தேய்க்கப் பிள்ளைகள். அப்படிப் பிரித்துக்கொண்டால் சமையலும் பயணத்தின் இன்பங்களில் ஒன்றாகிவிடும். பிரித்துக்கொள்ள மனம் இல்லையென்றால் எல்லோரும் கடையிலேயே சாப்பிடுங்கள்; அதில் ஒரு குறையும் இல்லை. கூட வந்தவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.